விற்காத காருக்கு யார் வட்டி கட்டுவது?

மாதம் பிறந்ததும் கார் கம்பெனிகளின் விற்பனைக் கணக்கு வந்துவிடும். இத்தனை லட்சம் வண்டி, போன வருடத்தைவிட இத்தனை விழுக்காடு கூடுதல் என்று மறுநாள் வணிகப் பக்கம் நிறைந்திருக்கும். அத்தனையும் யாரோ வாங்கி ஓட்டிப்போனவை என்றுதான் படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அது ஆலையிலிருந்து டீலர் பெயரில் பில் போட்டு அனுப்பிய வண்டிகளின் கணக்கு. அவற்றில் எத்தனை வீடு போய்ச் சேர்ந்தன என்பதை டீலர்களின் சங்கமான ஃபாடா, ஆர்டிஓ பதிவுகளைப் பார்த்துத் தனியாக வெளியிடுகிறது. இரண்டு கணக்குக்கும் நடுவே தங்கிவிட்டவை பைபாஸ் ஓரத்து யார்டுகளில் வெயில் காய்கின்றன. 2024 செப்டம்பரில் நாடு முழுக்க அப்படி நின்ற கார்கள் 7.9 லட்சம், மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்றது ஃபாடா.

சிறு நகரத்து ஷோரூம்கள் ஏன் தள்ளாடுகின்றன என்று கேட்டால் ஆன்லைன், மின்சாரக் கார், செகண்ட் ஹேண்ட் சந்தை என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்டுதான். ஆனால் அவை இவ்வளவு பெரிதாவதற்கு முன்பே கடைகள் மூடிக்கொண்டிருந்தன. 2019 ஏப்ரலோடு முடிந்த பதினெட்டு மாதங்களில் 286 ஷோரூம்கள் மூடப்பட்டதாக ஃபாடா அப்போதே சொன்னது. என் பார்வையில் முதல் காரணம் இந்தப் பில்லிங் முறைதான்.

பத்து லட்ச ரூபாய் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வங்கியின் ஸ்டாக் கடனிலிருந்து கம்பெனிக்குப் பணம் போய்விடுகிறது. கடனும் வண்டியும் டீலர் தலையில். பத்து விழுக்காடு வட்டி என்று வைத்தால் மாதத்துக்கு 8,333 ரூபாய். ஃபாடா பரிந்துரைக்கும் கையிருப்பு 21 நாள். அதற்குள் விற்றால் வட்டி ஆறாயிரத்துக்குள் அடங்கும். 2024 செப்டம்பரில் சராசரிக் கையிருப்பு 80 முதல் 85 நாள்வரை ஏறியது. அந்தக் கணக்குக்கு வட்டி சுமார் 22,000 முதல் 23,000 ரூபாய். டீலருக்குக் கம்பெனி தரும் மார்ஜின் ஏறக்குறைய மூன்றிலிருந்து ஏழு விழுக்காட்டுக்குள் இருக்கும். நாலு என்று வையுங்கள், 40,000 ரூபாய். பாதிக்கு மேல் வட்டிக்கே போனபின், மிச்சத்தில்தான் தள்ளுபடி, சேல்ஸ் பையன்களின் சம்பளம், கண்ணாடிக் கட்டடத்தின் வாடகை, கரண்ட் பில், டெமோ காரின் பெட்ரோல்.

பெருநகரத்தில் ஒரு மாதம் படுத்தாலும் அடுத்த மாதம் எழுந்துகொள்ளலாம். மாதச் சம்பளக்காரர்கள் வருடம் முழுக்க வாங்குவார்கள். சிறு நகரத்தில் பணத்துக்குப் பருவம் உண்டு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விலையும் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் விலையும் ஷோரூம் வாசலில் தெரியும். ஆடியில் புது வண்டி எடுக்கப் பெரும்பாலோர் தயங்குவார்கள், மார்கழியிலும் அப்படியே. கம்பெனியின் மாத டார்கெட்டுக்கு இந்தக் காலண்டர் தெரியாது. மாதக் கடைசியில் ஏரியா மேனேஜரிடமிருந்து போன் வரும்: "இன்னும் எட்டு வண்டி பில் பண்ணிக்குங்க சார், அடுத்த மாசம் ஸ்கீம்ல பார்த்துக்கலாம்." கேட்ட மாடல் வராது. யாரும் கேட்காத நிறத்தில், யாரும் கேட்காத வேரியண்ட் லாரியில் வந்து இறங்கும். வேண்டாம் என்றால் நன்றாக ஓடும் மாடலின் ஒதுக்கீடு சத்தமில்லாமல் குறையும். அப்புறம் டிசம்பர். ஜனவரி பிறந்தால் யார்டில் நிற்பதெல்லாம் போன வருடத்து வண்டி ஆகிவிடும். அதனால் வாங்க ஆள் வராத மார்கழியில்தான் இருப்பதிலேயே பெரிய தள்ளுபடி கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது.

இதோடு சேர்ந்தது டார்கெட் இன்சென்டிவ். இலக்கைத் தொட்டால் அந்த மாதம் விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் கூடுதல் தொகை. இரண்டு வண்டி குறைந்தால் ஒன்றும் இல்லை. இந்த ஏற்பாட்டில் மாதம் இருநூறு வண்டி விற்கும் மதுரை டீலர் கடைசிப் பத்து வண்டியை நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டுக்கூட லாபம் பார்க்கலாம். மாதம் பதினைந்து விற்கும் காரைக்குடிக்காரருக்கு அந்த வழி இல்லை. அங்கே டெஸ்ட் டிரைவ் போய், மூன்று முறை கொட்டேஷன் வாங்கி, கடைசியில் வாடிக்கையாளர் சொல்வார்: "தம்பி, மதுரையில முப்பதாயிரம் கூடக் கொறைக்கிறாங்க, நீங்க என்ன சொல்றீங்க?" "அண்ணே, அந்த ரேட்டுக்குக் குடுத்தா என் கையிலேர்ந்துதாண்ணே போடணும்." அவர் சொல்வது உண்மை. அண்ணனும் மதுரைக்குப் போவது உண்மை. முதல் சர்வீஸுக்கு மட்டும் காரைக்குடிக்கே வருவார்.

இந்தத் தள்ளுபடிப் போட்டியை அடக்கக் கம்பெனி முயன்றால் அதுவும் சட்டப்படி சிக்கல். டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று கட்டுப்படுத்தியதற்காக, 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் போல ஆள் அனுப்பி வேவு பார்த்ததும் அந்த உத்தரவில் வருகிறது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. வாங்குகிறவர் பக்கம் நின்றால் ஆணையம் செய்தது சரி. ஆனால் பெரிய டீலரின் தள்ளுபடியிலிருந்து சின்ன டீலரைக் கொஞ்சமாவது காத்த வேலி அந்தக் கட்டுப்பாடாகவும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தொழிலில் ஒருவருக்கு நியாயமாகத் தெரிவது இன்னொருவர் வயிற்றில் அடிக்கும்.

அப்படியானால் டீலரே எதற்கு, கம்பெனி நேரடியாக விற்கட்டுமே என்று கேட்கலாம். விற்பதற்கு மட்டும் என்றால் தேவையில்லைதான். ஆனால் கார் வாங்கிய நாளோடு முடிகிற சாமான் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு டோல்கேட் தாண்டி வண்டி நின்றால் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும். முன்பக்கம் நொறுங்கிய வண்டிக்கு சர்வேயரை வரவழைத்து, இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டி, பம்பரும் ஹெட்லைட்டும் வரும்வரை வண்டியை நிழலில் வைத்திருக்க ஓர் இடம் வேண்டும். டீலரின் வருமானத்தில் நம்பிக்கையான பகுதியும் இந்த ஒர்க்ஷாப்தான். நூறு கிலோமீட்டருக்குள் சர்வீஸ் இல்லாத கம்பெனியின் காரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிறு நகரத்தான் வாங்க மாட்டான். அதில் அவனைக் குறை சொல்லவும் முடியாது. மின்சாரக் காருக்கு ஆயில் மாற்ற வேண்டியதில்லை என்பதால் இந்த வருமானமும் மெலியத்தான் போகிறது. ஆனால் பேட்டரி கோளாறு என்றால் தெருமுனைப் பட்டறையில் கொடுக்க முடியாதே.

டீலர்களை அப்பாவிகளாக எழுதவும் எனக்கு மனமில்லை. அவர்கள் கையில் கொடுக்கும் கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, ஃபாஸ்டேக் வரைக்கும் சரி. அப்புறம் இன்சூரன்ஸ். வெளியில் எந்த நிறுவனத்திடமும் எடுத்துக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்டுப் பாருங்கள், "அப்படின்னா டிஸ்கவுண்ட் வராது சார்" என்பார்கள். மேட்டும் மட்கார்டும் சீட் கவரும் சேர்ந்த ஆக்சசரீஸ் பேக் நீங்கள் கேட்காமலே ஏறியிருக்கும். சில இடங்களில் 'ஹேண்ட்லிங்' என்று ஒரு வரி. எதைக் கையாண்டதற்கு என்று கேட்டால் பதில் வராது, விடாமல் கேட்டால் தொகை காணாமல் போகும். மார்ஜினில் விழுந்த ஓட்டையைத்தான் இப்படி அடைக்கிறார்கள் என்று புரிகிறது. புரிந்தாலும் ஒப்புக்கொள்ள முடியாது. ஊர்க்காரன் என்ற நம்பிக்கை ஒன்றுதான் மதுரைக்காரரிடம் இல்லாத முதல். அதையும் மூவாயிரம் ரூபாய்க்கு விற்றுவிட்டால் என்ன மிஞ்சும்?

ஆனாலும் இந்தத் தப்புக்கும், கம்பெனி கடையைக் கட்டும்போது நடப்பதற்கும் ஒப்பே கிடையாது. 2017 இல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்திய விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பர் 9 அன்று ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோர்டுக்கு அப்போது 170 டீலர்கள், 391 விற்பனையகங்கள்; அவர்கள் போட்டிருந்த முதல் சுமார் 2,000 கோடி ரூபாய் என்று ஃபாடா கணக்குக் காட்டியது. அறிவிப்புக்குச் சில மாதம் முன்புவரை புது டீலர்களை நியமித்திருக்கிறார்கள் என்றும் குற்றம் சாட்டியது. கம்பெனி சொன்ன டைல்ஸ், கம்பெனி சொன்ன நாற்காலி, கம்பெனி சொன்ன லிஃப்ட் என்று கட்டிய ஷோரூம் வேறு எதற்கு ஆகும்? கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானால் ஆகும். ஃபோர்டின் மறைமலை நகர் ஆலைக்கு இப்போது மறுவாழ்வு வருகிறது. 3,250 கோடி ரூபாயில் ஏற்றுமதிக்கான இன்ஜின் தயாரிக்க 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஃபோர்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அந்த 170 பேருக்கு அதில் ஒன்றும் இல்லை.

அரசும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்ததும் சின்னக் கார்கள் மலிந்து விற்பனை சூடுபிடித்தது, நல்லது. ஆனால் பழைய ஸ்டாக்குக்கு டீலர்கள் கட்டியிருந்த இழப்பீட்டு செஸ் சுமார் 2,500 கோடி ரூபாய், ஈடுகட்ட வழியின்றி மாட்டிக்கொண்டதாக ஃபாடா முறையிட்டது.

அமெரிக்காவில் கதை வேறு. டீலரைக் காக்க 1956 இலேயே மத்தியச் சட்டம் வந்தது, மாநிலம்தோறும் தனிச் சட்டங்களும் உண்டு. அந்தப் பாதுகாப்பும் 2009 இல் கிரைஸ்லர் திவாலானபோது கைகொடுக்கவில்லை. 789 டீலர்களை ஒரே வீச்சில் கழற்றிவிட்டார்கள், பலர் சிற்றூர்க்காரர்கள். மறுபக்கம், அதே சட்டங்களால்தான் டெக்சாஸில் ஆலையும் தலைமையகமும் வைத்திருக்கும் டெஸ்லா அந்த மாநிலத்தில் சொந்த ஷோரூம் வழியாக விற்க முடியாமல் கிடக்கிறது. டீலரைக் காக்கப் போட்ட சட்டம் வாங்குகிறவரின் வழியை மறிப்பது இங்கே வேண்டாம்.

வேண்டியது அதைவிடச் சின்னது. கையிருப்பு கம்பெனியுடையதாக இருக்கட்டும். மெர்சிடிஸ் பென்ஸ் 2021 அக்டோபரில் இந்தியாவில் இதைத்தான் செய்தது: வண்டி கம்பெனிக்குச் சொந்தம், பில்லும் கம்பெனியே போடும், டீலருக்குக் கமிஷன். ஒரே விலை என்பதால் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. பேரம் பேசும் சுகம் வாங்குகிறவருக்குப் போய்விடும், முதலாளி என்ற பெயர் டீலருக்குப் போய்விடும். சொகுசுக் காருக்குப் பொருந்தியது மாதம் லட்சக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு அப்படியே பொருந்தாது என்று சொல்வார்கள். சரி, அப்படியானால் அறுபது நாளுக்கு மேல் நிற்கும் வண்டியின் வட்டியையாவது கம்பெனி ஏற்கட்டும். அது நடந்தாலே யாரும் கேட்காத நிறம் லாரியில் வராது.

டீலர்களைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2020 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது. சட்டம் வரவில்லை. இதற்கிடையே தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தது. புதுக் கம்பெனிகள் ஊர் ஊராக டீலர் தேடுகின்றன. ரைஸ் மில்லை விற்றோ நிலத்தை அடகு வைத்தோ ஷோரூம் எடுக்க நினைப்பவர்கள், மார்ஜின் எவ்வளவு என்பதைப் பிறகு பேசுங்கள். கம்பெனி விலகினால் ஸ்டாக்கையும் உதிரிபாகங்களையும் திரும்ப எடுத்துக்கொள்ளுமா, கட்டடச் செலவுக்கு என்ன ஈடு என்ற பத்தியை ஒப்பந்தத்தில் முதலில் தேடுங்கள். அது எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.