பரண் மேல் தம்பூரா

மரக்காணத்தில் உப்பளக் கணக்குப் பார்க்கும் நண்பர் ஒருவர் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். எழுதப்போகும் நாவலுக்காக உப்பளத்தைப் பார்க்கவேண்டும் என்று போனவன். போன இடத்தில் என் பழைய கதை ஒன்றின் மேல் விசாரணை நடந்தது.

விசாரித்தவர் நண்பரின் மனைவி. கல்யாணத்துக்கு முன் பத்து வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றவர். கூடத்து மூலையில் உறை போட்ட தம்பூரா ஒன்று நின்றது. காப்பியை வைத்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணா, உங்க கதையிலே அந்தப் பொண்ணு குழந்தை பிறந்ததும் தம்பூராவைப் பரண்மேலே ஏத்திடறாளே, யார் ஏத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லையே, அம்மா. அவளுக்கே தோன்றுகிறது."

"அதைத்தான் கேக்கறேன். எனக்கு எல்லாரும் சொன்னாங்க. மாமியார் சொன்னாங்க, எங்க அம்மா சொன்னாங்க, அடுத்த வீட்டுக்காரங்க சொன்னாங்க. இவர் மட்டும் ஒண்ணும் சொல்லலே. அதுவும் சொன்ன மாதிரிதான்."

நண்பர் பத்திரிகையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஒரு பத்திரிகை கிடைத்தால் தேவலை போல் இருந்தது. 'யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தோன்றிற்று' என்ற அந்த வரியைத்தான் கதையின் நயம் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

எனக்குத் துணை இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். பாலசந்தரின் இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் வந்த 'அபூர்வ ராக'ங்களில் பைரவி பேர்பெற்ற பாடகி. மணமாகாமல் பெற்ற மகள், தன் பிறப்பின் உண்மை தெரிந்து கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். 1985-இல் வந்த 'சிந்து பைரவி'யில் சிந்து, தான் பெற்ற குழந்தையைப் பாடகரின் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். இரண்டும் ரசித்துப் பார்க்கவேண்டிய படங்கள்தாம். ஆனால் பாடுகிறவளுக்குப் பிள்ளை என்பது ஒன்றில் ரகசியம், மற்றொன்றில் தானம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் மறுநாள் கச்சேரியை என்ன செய்வது என்ற சாதாரணக் கவலைக்கு இரண்டிலும் இடமில்லை. முதல் படத்தின் முடிவில் தாயும் மகளும் ஒரே மேடையில் பாடுகிறார்கள். மறக்க முடியாத காட்சி. மறுநாள் காலை அடுப்பை யார் மூட்டினார்கள் என்று தெரிவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

அந்தப் பைரவியாக நடித்த ஸ்ரீவித்யா யார்? எம். எல். வசந்தகுமாரியின் மகள். எம். எல். என்பதே 'மெட்ராஸ் லலிதாங்கி' என்ற தாயாரின் பெயர். அந்த அம்மாளும் பாடகி. 1953-இல் ஸ்ரீவித்யா பிறந்த பிறகு தகப்பனாருக்கு உடல்நலம் கெட்டது. குடும்பம் தாயாரின் கச்சேரி வருமானத்தை நம்பி நடந்தது. அம்மாவுக்குத் தன்னுடன் இருக்க நேரமே கிடைக்கவில்லை என்று மகள் பின்னாளில் சொன்னதுண்டு. 1977-இல் தாயாருக்குச் 'சங்கீத கலாநிதி' கிடைத்தது. இரண்டும் ஒரே வீட்டின் உண்மைகள். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு வீடும் இருக்கிறது. டி. கே. பட்டம்மாளுக்கு 1939-இல் விவாகம் நடந்தது. அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் மேடையில் பாடினார். கணவர் ஈசுவரன் பக்கத்துணையாக நின்றார். 1970-இல் 'சங்கீத கலாநிதி' வந்தது. மகன் சிவகுமார் மிருதங்கம் வாசித்தார். பேத்தி நித்யஸ்ரீ பாடுகிறார். சம்சாரம் சங்கீதத்தை விழுங்கிவிடும் என்பது விதி அல்ல என்பதற்கு இது போதும்.

மறுநாள் காலையில் அளத்துக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள் பெண்கள் பாத்தியிலிருந்து உப்பைக் கூடையில் சுமந்து வரப்புக்குக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஓலைக் கொட்டகை. அதில் பழஞ்சேலைத் தூளி. ஒரு கிழவர் காலை நீட்டி உட்கார்ந்து அதன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். குழந்தை சிணுங்கியபோது ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டு வந்து, பால் கொடுத்து, திரும்பிப் போய்க் கூடையை எடுத்துக்கொண்டாள். அவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லக் காணோம். அவளுடைய கூலி வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. பாட்டு வேண்டியிருக்கவில்லை; ஆகவே பாட்டைத் 'தியாகம்' செய்யச் சொல்லலாம். என் கதையில் அந்தக் கிழவர் இல்லை. கயிற்றை இழுக்க ஒரு கையும் இல்லாத வீட்டைக் கட்டிவிட்டு, அவள் தானாகத் தம்பூராவை ஏற்றினாள் என்று எழுதியிருக்கிறேன்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று அந்த அம்மாள் தம்பூராவின் உறையைக் கழற்றிக் காட்டினார். உப்புக் காற்றில் தந்திகள் துருவேறிக் கிடந்தன. "சுருதி சேக்கறதுக்குள்ளே அறுந்துடும்" என்றார். நண்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "புதுச்சேரிக்குப் போகிறபோது தந்தி வாங்கிவருகிறேன்" என்றார். வாங்கினாரா, தெரியாது.

அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறார்கள். 'யாரும் சொல்லவில்லை' என்ற வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு மாமியார், ஒரு தாயார், வாய் திறக்காத ஒரு கணவன் என்று மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். கதை முன்போல் நயமாக இல்லை.