சிசிபஸின் கல்லும் தீர்ந்துபோன பேப்பர் ரோலும்

முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் வேலை எதுவாக இருந்தாலும் "சிசிபஸ் வேலை" என்று பெயர் வைத்துவிடுகிறோம். பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, தீர்ந்த டாய்லெட் பேப்பர் ரோலைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது, எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். இந்த உவமை பொருந்தாது என்பது என் கட்சி. அதைச் செய்கிறவருக்கு இது அநியாயமும்கூட.

முதலில் கதை. ஹோமரின் 'ஒடிசி', 11-ஆம் காண்டம். இறந்தவர்களின் உலகத்தில் சிசிபஸ் இரண்டு கையாலும் பெரிய பாறையை மலைமேல் தள்ளிக்கொண்டிருக்கிறான். உச்சியைத் தாண்டப்போகிற நேரத்தில் கல் உருண்டு கீழே வந்துவிடும். வியர்வை வழிய, தலையைச் சுற்றிப் புழுதி பறக்க மறுபடி தள்ளுவான். எந்தக் குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று ஹோமர் சொல்வதே இல்லை. காரணங்களைச் சொன்னவர்கள் மற்றவர்கள்: மரண தேவனைக் கட்டிப்போட்டான், ஜீயஸின் ரகசியத்தை வெளியே சொன்னான், இப்படி.

அதில் ஒரு கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாகிற நேரத்தில் சிசிபஸ் மனைவியைக் கூப்பிட்டு, "எனக்கு ஈமச்சடங்கு எதுவும் செய்யாதே" என்கிறான். அவளும் செய்யவில்லை. பாதாளத்துக்குப் போனதும், "பார்த்தீர்களா, என் பெண்டாட்டி கடமையைச் செய்யவில்லை, மேலே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று அனுமதி வாங்கிக்கொண்டு பூமிக்கு வந்தவன், திரும்பிப் போக மறுத்துவிட்டான். அந்த மனைவியின் பெயர் மெரோப்பி. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துப் பெண்கள் ஏழு பேரில் ஒருத்தி. மனிதனைக் கட்டிக்கொண்ட வெட்கத்தில் மங்கிப்போனவள் என்பார்கள்.

ஆல்பெர் காம்யு 1942-இல் 'சிசிபஸ் புராணம்' எழுதினார். இந்தக் கதை அதிலும் வருகிறது; மனைவியின் அன்பைச் சோதிக்க அப்படிச் சொன்னான் என்கிறார். மனைவிக்குப் பெயர் கிடையாது. சில வரிகளில் அவள் காணாமல் போய்விடுகிறாள். மிச்சம் இருப்பது ஒரு ஆணும் ஒரு கல்லும். கல் கீழே உருண்டபிறகு அதை நோக்கி இறங்கி நடக்கிறானே, அந்த நேரத்தில் அவனுக்குத் தன் நிலைமை முழுசாகத் தெரிகிறது. தெரிந்ததாலேயே அவன் விதியைவிடப் பெரியவன் ஆகிறான். கடைசியில் அவனைச் சந்தோஷமான மனிதனாகவே பார்க்கிறார் காம்யு. தினமும் ஒரே வேலையைச் செய்யும் தொழிலாளியையும் இடையில் அவனோடு ஒப்பிடுகிறார்.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சிசிபஸ் நாளைக்குக் கல்லைத் தள்ளாமல் விட்டால் யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை. கல் உச்சியில் நின்றாலும் யாருக்கும் லாபம் இல்லை. தண்டனையின் கொடுமை திரும்பத் திரும்பச் செய்வதில் இல்லை, அது யாருக்கும் பயன்படாததில் இருக்கிறது. டாய்லெட் பேப்பர் ரோலை மாற்றாமல் விட்டுப் பாருங்கள். அடுத்து உள்ளே போகிறவருக்கு உடனே தெரிந்துவிடும்! (நாம் தண்ணீர்க் கட்சி என்பதால் இந்த அவஸ்தை நம்மில் பலருக்குக் கொஞ்சம் தூரம்தான். ஆனால் காகிதத்தையே நம்பியிருக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.)

இந்த ரோல் பற்றி மனிதர்கள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். காகிதம் முன்பக்கமாகத் தொங்கணுமா, சுவர்ப் பக்கமா? அமெரிக்காவில் பத்திரிகைப் பத்திகள் வரைக்கும் போன சண்டை. சேத் வீலர் 1891-இல் வாங்கிய காப்புரிமையின் படத்திலேயே காகிதம் முன்பக்கமாகத்தான் தொங்குகிறது. விஷயம் முடிந்தது.

அடுத்த கேள்வி இன்னும் சுவாரசியம். டொனால்ட் கனூத், ஆமாம், நம்ம அல்காரிதம் புத்தகக் கனூத்தேதான், 1984-இல் 'டாய்லெட் பேப்பர் கணக்கு' என்று ஒரு கணிதக் கட்டுரை எழுதினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரோல். சிலர் எப்போதும் பெரிய ரோலிலிருந்து எடுப்பார்கள், சிலர் சின்னதிலிருந்து. ஒன்று தீரும்போது இன்னொன்றில் சராசரியாக எவ்வளவு மிச்சம் இருக்கும்? மூன்றில் இரண்டு பேர் 'பெரிய ரோல்' ஆட்கள் என்றால், ரோல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மிச்சம் சுமார் 2 துண்டுதான். அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் காலி. மூன்றில் இரண்டு பேர் 'சின்ன ரோல்' ஆட்கள் என்றால் பாதி ரோல் மிச்சம். சரிபாதியாக இருந்தால் 200 துண்டு ரோலில் 16 துண்டு மாதிரி மிஞ்சும். அழகான கணக்கு. ஆனால் ரோல் தீர்ந்த இடத்தில் கணக்கும் முடிந்துவிடுகிறது. புது ரோல் மாட்டுகிறவர் அதில் ஒரு மாறியாகக்கூட இல்லை. காம்யுவிடம் மெரோப்பி மறைந்துபோன மாதிரியேதான்.

அந்த ஆளைக் கவனித்தவர் சிமோன் த பொவ்வார். 1949-இல் வந்த 'இரண்டாம் பாலினம்' நூலில் வீட்டுவேலையைச் சிசிபஸின் தண்டனையோடு ஒப்பிடுகிறார். சுத்தம் செய்தது அழுக்காகும், அழுக்கானதைச் சுத்தம் செய்யணும், நிலையாக எதுவும் மிஞ்சாது. உவமையில் எனக்கு ஒப்புதல் இல்லை. காரணம் மேலே சொன்னதுதான்: அந்த வேலையால் ஒரு வீடே நடக்கிறது. ஆனால் அவர் கேள்வி சரியானது. இதை ஏன் ஒரு தரப்பே எப்போதும் செய்யணும்? சிசிபஸுக்குத் தண்டனை கொடுத்தவர்கள் கடவுள்கள். வீட்டில், ஆபீஸில் யார் கொடுத்தது?

காம்யுவின் பதிலான மனத்தின் வீரம் இந்த இடத்தில் உதவாது. கடவுளிடம் முறையிட முடியாதவனுக்கு அது பெரிய ஆறுதல்தான். துப்புரவுப் பணியாளருக்கு வேண்டியது நியாயமான சம்பளம், மாற்று ஆள், வார விடுமுறை. அவரைச் சந்தோஷமானவராகக் கற்பனை செய்துகொள்வது நமக்குத்தான் வசதி.

என் தொழிலிலும் இதே கதை. புதுசாக ஒன்றைக் கட்டினவருக்குக் கைதட்டல். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சர்வரைத் தூக்கி நிறுத்துகிறவருக்கும், பழைய லைப்ரரிகளை மாதாமாதம் புதுப்பிக்கிறவருக்கும் அப்ரைசலில் எழுத ஒரு வரி கிடைப்பதில்லை. "அது சிசிபஸ் வேலைப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது, அதற்கு மதிப்பில்லை என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

அதனால் அந்தப் பெயரை யாருக்கும் பயன்படாத வேலைகளுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கலாம். யாரும் படிக்காத வாராந்திர அறிக்கை தயாரிப்பது அசல் சிசிபஸ் வேலை. ரோல் மாட்டுவதை, ரோல் மாட்டுவது என்றே சொல்லலாம். அடுத்த முறை அது யாருடைய முறை என்பதையும் பேசி வைத்துக்கொள்ளலாம்.