பங்கு, சேகரம், சபை

மயிலாப்பூர்ச் சுவரொட்டியில் 'பேராயர் வருகிறார்' என்று மட்டும் போட்டால், வருபவர் யார் என்று தெரியாது. சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு பேராயர், கதீட்ரல் சாலையில் இன்னொரு பேராயர். முதலாமவர் கத்தோலிக்கர், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் தலைவர். இரண்டாமவர் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சென்னைப் பேராயத்துக்குத் தலைவர். அவருக்கு நிகரான பொறுப்பில் இருப்பவரைக் கத்தோலிக்கர் 'ஆயர்' என்பார்கள். சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் ஞாயிறு ஆராதனை நடத்தும் உள்ளூர்க் குருவானவர். செய்தித்தாள்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கி போட்ட எல்லோரும் அவற்றுக்குப் பாதிரியார்தான். அப்படித் தம்மை அழைத்துக்கொள்ளும் ஒருவரைக்கூட இந்தப் பக்கத்தில் காண்பது அரிது.

ஒருவர் எப்படித் தம் திருச்சபையைச் சேர்ந்தவர் ஆகிறார் என்பதை அவரவர் சொற்களே சொல்லிவிடுகின்றன.

கத்தோலிக்க மரபுதான் இங்கே மூத்தது. லஸ் கோயில் கல்வெட்டு 1516 என்கிறது. மயிலை மறைமாவட்டம் 1606இல் ஏற்பட்டது, சென்னையோடு இணைந்தது 1952இல். மேற்றிராசனம், மேற்றிராணியார், பூசை, பங்கு சாமியார் என்றுதான் பழைய தலைமுறை பேசியது. 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு மறைமாவட்டம், ஆயர், திருப்பலி, அருள்தந்தை எல்லாம் நிலைபெற்றன. விசுவாசிகளுக்கு 'இறைமக்கள்' என்ற பெயரும் வந்தது. அது அறிக்கையிலும் மன்றாட்டிலும் அழகாக இருக்கிறது. கோயில் வாசலில் காதில் விழுவது என்னவோ 'நம்ம பங்கு'தான். பங்கு என்பது எல்லைக்கணக்கு. தி.நகரிலிருந்து அடையாறுக்கு வீடு மாறினால் பங்கும் மாறும், பங்குத்தந்தையும் மாறுவார். கல்யாண ஓலையும் அந்தந்தப் பங்கில்தான் வாசிப்பார்கள். பங்குக்குள் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழுவுக்கு 'அன்பியம்' என்று பெயர். அரை நூற்றாண்டுச் சொல்லாக்கங்களில் இதற்கே என் முதல் மதிப்பெண்.

சி.எஸ்.ஐ. பிறந்தது 1947 செப்டம்பர் 27, கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில். ஆங்கிலிக்கரும் மெத்தடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் முன்பே சேர்ந்து அமைத்திருந்த சபையும் ஒன்றானார்கள். சொற்களும் கலந்தே வந்தன. சென்னையில் 'பேராயம்', திருநெல்வேலியில் 'திருமண்டலம்', யாழ்ப்பாணத்தில் 'ஆதீனம்'. மூன்றும் ஒரே திருச்சபையின் ஒரே வகை அமைப்பு! 'ஆதீனம்' என்ற சைவ மடத்துச் சொல் கிறிஸ்தவப் பேராயத்துக்கு யாழ்ப்பாணத்தில் இயல்பாகப் பொருந்திவிட்டது. ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகள் சேர்ந்தது சேகரம். இங்கே வீட்டு முகவரியைவிடப் பதிவேடு முக்கியம். திடப்படுத்தல் பெற்று, திருவிருந்தில் பங்கெடுத்து, சந்தாவும் கட்டியவர்தான் சேகரத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அந்தத் தேர்தலின் சூடு ஊரறிந்தது. 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேச்சுவழக்கும் ஏறக்குறைய இதுவே.

'சபை' என்ற சொல்லில்தான் வெளியாட்கள் வழுக்குகிறார்கள். சி.எஸ்.ஐ.க்காரருக்கு அது தம் ஊர்க் கோயிலைச் சேர்ந்த கூட்டம். அதே கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நடத்தும் கன்னியரிடம் 'எந்தச் சபை?' என்று கேட்டால், தம் துறவற சபையின் பெயரைச் சொல்வார்கள். லொயோலாக் கல்லூரித் தந்தையர் 'இயேசு சபை' என்பார்கள்.

பெந்தெகொஸ்தேயினர் இந்தச் சொல்லைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டு வேறு பொருளை ஏற்றினார்கள். 1973இல் தொடங்கி இன்று சின்னமலையில் பெருங்கூட்டம் கூட்டும் புது வாழ்வு ஏ.ஜி. (அசெம்பிளி ஆஃப் காட்) சபையை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் 'விசுவாசி', குரு 'பாஸ்டர்', மற்றவர்கள் பிரதர், சிஸ்டர். வினைச்சொல்லைக் கவனித்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். மற்ற இரு மரபிலும் குழந்தைக்கு ஞானஸ்நானம் 'கொடுப்பார்கள்', இங்கே வளர்ந்தவர் தாமே 'எடுப்பார்'. பிறந்த குடும்பமோ குடியிருக்கும் தெருவோ இங்கே கணக்கில்லை, தண்ணீரில் இறங்கியாக வேண்டும்.

எந்த அகராதியிலும் இடம்பெறாத ஓர் இனமும் உண்டு. சந்தாவைச் சேகரத்தில் விடாமல் கட்டுவார்கள், காலை ஆராதனைக்கும் போவார்கள், பிறகு ஏ.ஜி. கூட்டத்தில் கைதட்டிப் பாடுவார்கள். கேட்டால் தயங்காமல் பதில் வரும்: "நாங்க சி.எஸ்.ஐ.தாங்க. ஜெபத்துக்கு அங்க போறோம். கல்யாணம், கல்லறை எல்லாம் இங்கதான்."