கவூடில்

ஆஸ்திரேலியப் பூங்காக்களில் அடிக்கடி கண்ணில் படும் சுருள்முடிச் செல்லம் கவூடில். கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியலும் சிறு பூடிலும் கலந்த பிறவி. ஸ்பேனியல், இங்கிலாந்து அரண்மனையில் மடியிலேயே வளர்ந்த வம்சம். பூடிலின் பெரிய முன்னோரோ, சுட்டு வீழ்த்திய வாத்தை நீரில் பாய்ந்து கவ்வி வந்த வேட்டை நாய்கள். ஸ்பேனியலின் ஒட்டுதலும் பூடிலின் கூர்மையும் ஓர் உடம்பில் சேர்ந்திருப்பதே எனக்குப் பிடித்தது. முகம் பார்த்தே மனசைப் படித்துவிடும்; தனியே விட்டால் வாடிவிடும்.

முடி அதிகம் கொட்டாது. உதிர்ந்ததும் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சீப்பு தோல்வரை இறங்க வேண்டும், முக்கியமாகக் காதுக்குப் பின்னால். இல்லையேல் சடை பிடித்துத் தோலை இழுக்கும், பாவம். கேவலியர் வழியாக இதய வால்வு நோய் வரக்கூடும். தாய் தந்தையின் பரிசோதனைச் சான்றைக் கேட்டே வாங்குங்கள். முடிக்கு மட்டும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது: ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்கு அலைமுடி, இன்னொன்றுக்கு இறுகிய சுருள்!