'பாலா'வை எங்கே பார்ப்பது?

சத்யஜித் ராய் எடுத்த 'பாலா' (1976) எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. யூடியூபில்தான். யாரோ ஏற்றிய மங்கலான நகல்கள், கூடவே கடற்கரைப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்த துண்டுகள். "அதான் கிடைக்குதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். எந்த நகலில் பார்க்கிறோம் என்பது இந்தப் படம் பற்றிய நம் தீர்ப்பையே மாற்றிவிடும்.

பாலசரஸ்வதி 1918இல் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. படம் வந்த ஆண்டில் அவருக்கு வயது 58. ராய் சிறுவயதிலேயே கல்கத்தாவில் அவர் ஆடிப் பார்த்தவர். மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும் தமிழக அரசும் சேர்ந்து தயாரித்த, அரைமணிச் சொச்ச நேரப் படம். வர்ணனைக் குரலும் ராயுடையதே.

அதில் அதிகம் பேசப்படுவது 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ'. ராய் அதைக் கடற்கரையில் படமாக்கினார். பாலா குழந்தைக் கண்ணனை அழைக்கிறார். பின்னால் அலை, காற்றில் புடவை படபடக்கிறது. காற்று அபிநயத்தைக் கெடுத்துவிட்டது என்பது பழைய புகார். அதில் நியாயம் உண்டு. அபிநயம் பார்க்க ஒரு முகமும் இரண்டு கைகளும் போதும், கடல் எதற்கு?

மட்டமான நகல் இந்தக் குறையைப் பல மடங்காக்குகிறது. வீடியோவைச் சுருக்கும் கோடெக், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன மாறியது என்பதையே பெரும்பாலும் சேமிக்கும். அதற்கு ஒதுக்கிய பிட்டுகளோ கொஞ்சம். ஒழுங்கில்லாமல் புரளும் அலையும் படபடக்கும் புடவையும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கண்ணோரம் தோன்றி மறையும் மாற்றம் சின்னது; 'இது போனா யாருக்குத் தெரியப்போகுது' என்று கோடெக் அதை வழித்தெடுத்துவிடும். பாலாவின் அபிநயம் இருப்பதே அங்கேதான். மிஞ்சுவது காற்றோடு மல்லுக்கட்டும் வயதான பெண்மணி. துண்டை மட்டும் பார்த்தவர்கள் "இவங்களையா அவ்வளவு பெருசா சொன்னாங்க?" என்று கேட்டால் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே முழுப்படத்தையும், இருப்பதில் தெளிவான நகலில், கொஞ்சம் பெரிய திரையில் பாருங்கள். கடைசியில் வரும் பதவர்ணத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே கடல் இல்லை, பாலா மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக் காட்சியை மறுபடி ஓட்டினால், காற்றையும் மீறி அந்தக் கைகள் அழைப்பது தெரியும்.

தமிழக அரசின் பணமும் சேர்ந்து உருவான படம் இது. மூலப்பிரதியிலிருந்து ஒழுங்காக ஸ்கேன் செய்த ஒரு நகலை எல்லாருக்கும் பொதுவில் வைப்பது அரசுக்குப் பெரிய செலவில்லை. முகத்தையே சரியாகப் பார்க்காமல் ஒரு தலைமுறை பாலாவைப் பற்றி முடிவுகட்டிவிட்டால், அதுதான் நஷ்டம்.