தூர்வாருதலும் கண்மாயின் உயிரும்

ராமநாதபுரம், சிவகங்கை போன்ற வறண்ட மாவட்டங்களில் கண்மாய் சில மாதம் நீர்நிலை, மற்ற மாதம் வெடித்துக் கிடக்கும் கரம்பை. வடகிழக்குப் பருவமழையை ஆழமின்றி அகலமாகத் தேக்கி, மடை வழியே வயலுக்கு விடுவது அதன் அமைப்பு. தமிழகத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. அவற்றைப் பேணும் முதன்மை வழியாக நெடுங்காலமாக இருப்பது தூர்வாருதல். மக்கள் பங்கேற்புடன் நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்து 2017இல் மீண்டும் தொடங்கப்பட்டபோது, முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன.

இதன் பயன் உண்மையானது. வண்டல் ஏறிய கண்மாய் விரைவில் நிரம்பிக் கலுங்கு பாய்ந்துவிடும். அள்ளினால் கொள்ளளவு மீளும். அள்ளிய வண்டல், ஈரம் நிற்காத செம்மண் புஞ்சையில் விழுந்தால் பயிர் கூடுதல் நாள் தாங்கும். கோடைதோறும் மாட்டுவண்டியில் கரம்பை அடித்த காலத்தில் இந்த இரண்டு வேலையும் ஒன்றாகவே நடந்தன. மேல்மண் மட்டும் கொஞ்சங் கொஞ்சமாகப் போனது.

பொக்லைன் வந்தபின் வேலை அளவு கனமீட்டரானது. சிக்கல் இங்கேதான். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்த நீர் தானாக வயலுக்கு ஏறாது. மடைக்கு இரண்டடி கீழே குழியில் நீர் கிடக்க, கரைக்கு அப்பால் நெல் காயும். இன்ஜின் வைத்து இறைக்க வசதியுள்ளவருக்கே அது உதவும். குழி நீர் கால்நடைக்கு ஆகும், பரப்பு குறைவதால் ஆவியாவதும் குறையும் என்பது சரியே. ஆனால் அடியிலுள்ள களிமண் படுகையைக் கிழித்து மணலை எட்டிவிட்டால் நீர் நிற்காமல் உறிஞ்சப்படும். கிணறுகளுக்கு அது ஊற்று, ஆயக்கட்டுக்கு இழப்பு.

உயிரினங்கள் அடையும் கேட்டை எந்த மதிப்பீட்டுத் தாளும் எழுதுவதில்லை. குரவை, விரால் போன்ற காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் ஈரச் சேற்றுக்குள் கோடையைக் கழிக்கின்றன. கோரை, அல்லியின் கிழங்குகளும் நத்தைகளும் அதே சேற்றில் அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன. அடிவரை வழித்தெடுத்தால் இவை லாரியில் ஏறிவிடும். உள்வாயின் மென்சரிவு போய்ச் செங்குத்துக் குழி வந்தால், கணுக்கால் நீரில் இரைதேடும் உள்ளானுக்கும் கொக்குக்கும் நிற்க இடமில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் பாசனக் கண்மாய்கள். 1989 முதல் பறவைகள் சரணாலயங்கள். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களான ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டன. நீர்ப்பாசனமும் பறவையும் ஒரே படுகையில் வாழ முடியும் என்பதற்கு இவையே சான்று.

ஆகவே குறை தூர்வாருவதில் இல்லை, எங்கே, எவ்வளவு ஆழம் என்று பார்க்காததில் இருக்கிறது. மடைமட்டத்தை அளந்து, சோதனைக்குழி போட்டுக் களிமண்ணின் கனத்தை அறிந்து, கரையை விட்டுத் தள்ளி அள்ள வேண்டும்; உள்வாயின் சரிவில் ஒரு பகுதியை ஓராண்டேனும் தொடாமல் விட வேண்டும். அதற்கும் முன்னால், நீர் கொண்டுவரும் வரத்துக்காலைச் சீராக்க வேண்டும். சீமைக்கருவேலும் ஆக்கிரமிப்பும் அடைத்த கால்வாயைத் திறக்காமல் படுகையை மட்டும் ஆழப்படுத்திய கண்மாயில், மேல் கண்மாயின் மறுகால் நீர் வந்து சேருவதே இல்லை.