86 மில்லிமீட்டரில் இரண்டு பாணிகள்

வல்லம் வடகால் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்களிடம் பிடித்த கார் எது என்று கேளுங்கள். அநேகமாக ஓட்டியே பார்த்திராத இரண்டு பெயர்களைத்தான் சொல்வார்கள்: நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா. எது பெரியது என்ற வாதம் கேன்டீன் வரை நீளும். எஞ்சினோடு புழங்கும் நாம் அதை அளவு வைத்தே பேசலாம்.

இரண்டிலும் வரிசையாக ஆறு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், இரட்டை டர்போ. சிலிண்டர் போர்கூட இரண்டிலும் 86 மி.மீ.தான், ஒரே போர் கேஜை இரண்டிலும் இறக்கலாம். ஸ்ட்ரோக்கில்தான் பாணி பிரிகிறது. ஸ்கைலைனின் ஆர்பி26 எஞ்சினில் அது 73.7 மி.மீ., சுப்ராவின் 2ஜேஇசட் எஞ்சினில் 86.

ஸ்கைலைனின் அளவைப் பந்தய விதியே முடிவு செய்தது. ‘குரூப் ஏ’ பந்தயத்தில் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7 ஆல் பெருக்குவார்கள். 2568 சிசி அந்தக் கணக்கில் 4366 ஆகி, 4500 சிசி பிரிவுக்குள் அடங்கியது. அந்த எஞ்சினோடு 1989இல் வந்த ஆர்32 ஸ்கைலைன், 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் தொடரின் 29 பந்தயங்களையும் வென்றது. மூன்று சிலிண்டருக்கு ஒரு டர்போ, சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில். மிதித்ததும் காற்று வாசலிலேயே காத்திருக்கும். அந்தப் பிக்கப் அங்கிருந்து வருவது. பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரத்துக்கும் திறன் போகும்.

1993இல் வந்த சுப்ரா வேறு வழி எடுத்தது. 2997 சிசி. அடி வேகத்தில் ஒரு டர்போ மட்டும் உழைக்கும். 4000 ஆர்பிஎம் நெருங்கும்போது மற்றதும் சேரும். திறன் முழுக்கப் பின்சக்கரத்துக்கு.

குதிரைத்திறனை மட்டும் வைத்து இவற்றை எடைபோட முடியாது. 280க்கு மேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் வைத்திருந்த உடன்பாடு 2004 வரை நீடித்தது. பிளாக் எவ்வளவு தாங்கும், டர்போ லேக் எவ்வளவு, வளைவிலிருந்து வண்டி எப்படி வெளியேறும் என்பவைதான் உரைகல். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வளைவோரம் நின்று பார்த்தவர்களுக்கு மூன்றாவதன் அருமை தெரியும்.

தாங்குவதில் சுப்ராவுக்கே முதலிடம். திறனை இரண்டு மடங்காக்கினாலும் அந்த பிளாக் அசையாது. ஆனாலும் என் ஓட்டு ஸ்கைலைனுக்கு. ஒரு விதிக்குள் நின்று இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கிய எஞ்சின் அபூர்வம்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் 2002இல் இரண்டும் நின்றன. ஆனால் ஸ்கைலைனின் வழி நம் பக்கத்திலேயே தொடர்கிறது. 2020இல் ஒரகடத்திலிருந்து வெளிவந்த நிசான் மேக்னைட் காரின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சினில் இரும்பு லைனர் இல்லை. அலுமினியச் சுவரில் மெல்லிய இரும்புப் படலம் பூசி, கண்ணாடிபோல் மெருகேற்றியிருக்கிறார்கள். அந்த முறை, ஸ்கைலைனின் வாரிசான ஆர்35 ஜிடி-ஆரிலிருந்து வந்தது.